வேடிக்கையா? மயானமா?

உலகத்தில் இப்பொழுது ஒரு புதுவகைப் பிரயாண மோகம் பரவியிருக்கிறது. மலையையும் கடலையும், கோயிலையும் கோட்டையையும் கண்டு மகிழ்ந்த காலம் போய், பிறர் காணாத விந்தை எங்கே, கேட்டவர் வாய் பிளக்கும் வேடிக்கை எங்கே என்று தேடியலையும் காலம் வந்திருக்கிறது. இங்கிலாந்தில் குளோஸ்டர்ஷயர் பகுதியிலே, செங்குத்தான குன்றின் உச்சியிலிருந்து பாலாடைக் கட்டியை உருட்டிவிட்டு, அதன் பின்னே வாலிபர் விழுந்தும் புரண்டும் ஓடுகிற பந்தயத்தைக் காணப் பெருங்கூட்டம் கூடுகிறது. ஸ்பெயின் தேசத்துப் புன்யோல் என்னும் ஊரில், ஆகஸ்டு மாதத்துக் கடைசிப் புதன்கிழமையன்று, வெளிநாட்டாரும் உள்நாட்டாரும் தக்காளிப் பழங்களை ஒருவர்மேல் ஒருவர் வாரியிறைத்துக் களிக்கின்றனர். ஜப்பானில் மனிதரைக் காட்டிலும் பூனைகள் மிகுந்து பேர்பெற்ற அவோஷிமாத் தீவுக்குப் படகேறிச் சென்று பூனைகளைப் பார்த்து வருகின்றனர்.

இவற்றை நாம் குறைகூற வரவில்லை. உழைத்துக் களைத்தவன் நான்கு நாள் ஊர்சுற்றிச் சிரித்து மீள்வதில் தீங்கொன்றுமில்லை. பாலாடைக் கட்டி உருண்டதால் எவருடைய மானமும் உருண்டுவிடவில்லை. தக்காளி நசுங்கியதால் எவருடைய நெஞ்சும் நசுங்கவில்லை. ஆனால் விந்தை தேடும் கண்ணுக்கும் வெட்கம் என்பதொன்று வேண்டும். எது சிரிக்கத் தக்கது, எது தலைவணங்கத் தக்கது என்று பகுத்துணராத கண் இருந்தென்ன, இல்லாதிருந்தென்ன?

செக் நாட்டிலே குட்னா ஹோரா என்றோர் ஊர் உண்டு. அதையடுத்த செட்லெட்ஸ் என்னுமிடத்துச் சிறு தேவாலயத்துள்ளே, 40,000-க்குக் குறையாத மனிதருடைய எலும்புகள் குவித்து வைக்கப்பட்டிருக்கின்றன. 14-ம் நூற்றாண்டின் கொள்ளைநோயிலும், அதன்பின் மூண்ட மதச் சண்டைகளிலும் மாண்டோரின் எலும்புகள் அவை. 1870-ம் ஆண்டில் மரச்சிற்பி ஒருவர் அவ்வெலும்புகளைக் கொண்டே சரவிளக்கும் கேடயச் சின்னமும் அமைத்தார். பார்க்க வந்தவர்களோ மண்டையோடுகளுக்குத் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் மாட்டினர். முத்தமிடுவதுபோல் நின்று படம் பிடித்துக்கொண்டனர். பொறுத்துப் பார்த்த திருச்சபையார், முன்கூட்டி அனுமதி பெறாதவர் உள்ளே படமெடுத்தலாகாது என்று 2020-ம் ஆண்டு முதல் விதித்துவிட்டனர். மாண்டவர் பன்னூறு ஆண்டுகளுக்கு முன்னையவர், பெயர் அறியப்படாதவர், 'என் பாட்டன்' என்று உரிமை கொண்டாடி அழ ஒருவரும் எஞ்சாதவர். அவர்களுக்காகவும் வெட்கப்படச் சிலர் அங்கே இருந்தனர்.

எண்பது ஆண்டுகளுக்கு முன்னே மாண்ட நம் பாட்டன்மாருக்காக வெட்கப்பட இங்கே யார் இருக்கிறார்கள்? இதுவே நாம் கேட்க வந்த கேள்வி.

தாய்லாந்தில், பாங்காக்குக்கு மேற்கே ஏறக்குறைய 130 கிலோமீட்டர் தூரத்தில், காஞ்சனபுரி என்னும் நகரம் இருக்கிறது. அங்கே ஆற்றின் குறுக்கே ஓர் இரும்புப் பாலம் நிற்கிறது. 'குவாய் நதிப் பாலம்' என்று உலகெங்கும் பெயர் பெற்ற பாலம் அதுவே. நாள்தோறும் கூட்டங் கூட்டமாகப் பிரயாணிகள் வந்து அதன் தண்டவாளத்தின்மேல் நடக்கின்றனர். இரயில் வரும்போது ஓரத்து மேடைகளில் ஒதுங்கி நின்று ஆரவாரம் செய்கின்றனர். கரையிலே பாலத்தின் படம் பொறித்த சட்டைகள் விற்கின்றன. ஆற்றிலே மிதக்கும் உணவுச் சாலைகள். ஆண்டின் இறுதியில் ஒளியும் ஒலியுமாக ஒரு பெருங் காட்சி. குண்டு விழுந்த காலத்தை நினைவூட்ட வாணவேடிக்கை. பிரயாணக் கம்பெனிகள் அச்சிடும் துண்டுப் பிரசுரங்களில், யானைச் சவாரிக்கும் நீர்வீழ்ச்சிக்கும் நடுவே 'மரண ரயில் சவாரி' என்று இதுவும் ஓர் அயிட்டமாக இடம்பெறுகிறது. காலையிலே நீர்வீழ்ச்சி, நண்பகலிலே மரணம், மாலையிலே யானை! என்னே நம் காலத்தின் நாகரிகம்!

ஆற்றின் பெயர் மாறிய கதை

இந்தப் பாலம் வேடிக்கைப் பொருளானதன் வரலாறே ஒரு பெரும் வேடிக்கை. 1952-ம் ஆண்டில் பியேர் பூல் என்னும் பிரெஞ்சு எழுத்தாளர் ஒரு நாவல் எழுதினார். இருப்புப் பாதை பெரும்பாலும் குவே நொய் ஆற்றின் கரையையே பற்றிச் செல்வதால், பாலமும் அவ்வாற்றின் மீதுதான் இருக்குமென்று அவர் கொண்டார். உண்மையில் பாலம் கட்டப்பட்டது மே குளோங் ஆற்றின் மீது. 1957-ம் ஆண்டில் அந்நாவல் சினிமாவாகி உலகத்தைச் சுற்றியது. ஏழு ஆஸ்கார் பரிசுகளையும் வாரிக்கொண்டது. படம் பார்த்தவர்கள் பாலத்தைத் தேடிச் சயாமுக்கு வரலாயினர். வந்தவர்கள் கேட்ட பெயரில் அங்கே ஆறு இல்லை. என் செய்வது? 1960-ம் ஆண்டில் ஆற்றின் பெயரையே மாற்றிவிட்டார்கள்! மே குளோங்கின் மேற்பகுதி அன்றுமுதல் 'குவே யை' ஆயிற்று. கதைக்காக ஊர் மாறிய செய்தி கேட்டிருக்கிறோம். கதைக்காக ஆறு மாறிய செய்தி இதுவே. இதிலும் ஒரு நகைப்பு உண்டு. 'குவே' என்றால் தாய் மொழியில் கிளையாறு. 'குவாய்' என்று நீட்டினால் எருமை. எருமை நதியைப் பார்த்துவிட்டோம் என்றுதான் இத்தனை ஆண்டுகளாக உலகத்தார் ஊர் திரும்பிக்கொண்டிருக்கின்றனர்.

இன்னும் கேளுங்கள். அச்சினிமா எடுக்கப்பட்டது சயாமிலும் அன்று, பர்மாவிலும் அன்று. இலங்கையிலே, கித்துள்கலை என்னும் ஊரில், களனி ஆற்றின் மீது. படத்துக்காக அங்கே மரப்பாலம் ஒன்று கட்டி, பின்பு வெடிவைத்துத் தகர்த்தார்கள். தகர்த்த பாலத்தின் அடித்தளத்தைக் காணவும் இன்றுவரை பிரயாணிகள் செல்கின்றனர். ஆகவே உலகத்தில் குவாய்ப் பாலங்கள் இரண்டு. ஒன்று பொய்ப் பாலம், அது தகர்க்கப்பட்டது. மற்றொன்று மெய்ப் பாலம். அதன் இரும்பு வளைவுகள் ஜாவாவிலிருந்து கொண்டுவரப்பட்டவை. 1945-ம் ஆண்டில் நேச நாட்டு விமானங்களின் குண்டுகளால் உடைந்து, போருக்குப் பின் செப்பனிடப்பட்டு, இன்றும் இரயிலைத் தாங்கி நிற்கிறது. உலகத்தாரின் மனத்தில் நிலைத்திருப்பதோ பொய்ப் பாலத்தின் கதையே. அக்கதையில் வெள்ளைக்காரக் கைதிகள் இருக்கிறார்கள். ஜப்பானியத் தளபதி இருக்கிறான். சீட்டியடித்துக்கொண்டு அணிவகுத்து வரும் சிப்பாய்கள் இருக்கிறார்கள். மலாயாத் தோட்டத்திலிருந்து போன தமிழனுக்கு மட்டும் அதில் இடமில்லை.

பாதையிட்டவர் யார்?

சினிமா சொல்லாததை நாம் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம். 1942-ம் ஆண்டு பிப்ரவரி 15-ந் தேதி சிங்கப்பூர் வீழ்ந்தது. பர்மாவிலிருந்த தம் படைக்குக் கடல்வழியே உணவும் ஆயுதமும் அனுப்புவது ஆபத்தென்று கண்ட ஜப்பானியர், சயாமின் பான் பொங் பக்கத்திலிருந்து பர்மாவின் தன்பியூசாயாத் வரையில், காட்டையும் மலையையும் ஊடுருவி 415 கிலோமீட்டர் இருப்புப் பாதை போடத் துணிந்தனர். 1942-ம் ஆண்டில் தொடங்கிய வேலையை 1943-ம் ஆண்டு அக்டோபரில் முடித்தனர். மலையைக் குடைய யந்திரமில்லை. மண்ணைச் சுமக்க வண்டியில்லை. உளியும் சம்மட்டியும், மண்வெட்டியும் கூடையும், அவற்றைப் பிடித்த மனிதக் கைகளுமே யந்திரங்களாயின.

அக்கைகள் யாருடையவை? நேச நாட்டுப் போர்க் கைதிகள் 60,000-க்கு மேற்பட்டோர் அங்கே வேலை வாங்கப்பட்டனர். அவர்களில் 12,000-க்கு மேற்பட்டோர் மாண்டனர். ஐந்தில் ஒருவர் மாண்ட கொடுமையை நாம் சிறிதாக்கிக் கூற மாட்டோம்; அவர்களும் தாய் பெற்ற பிள்ளைகளே. ஆனால் அவர்களைப்போல் இரண்டு மூன்று மடங்கு எண்ணிக்கையில் ஆசியத் தொழிலாளர் அங்கே இருந்தனர்: பர்மியர், ஜாவானியர், மலாய்க்காரர், சீனர், தமிழர். மலாயாவிலிருந்து சென்றோரில் பெரும்பகுதியினர் தோட்டத் தமிழரே. போருக்குப் பின் வெள்ளையதிகாரிகள் தொகுத்த கணக்கின்படி, மலாயாவிலிருந்து கொண்டுபோகப்பட்டவர் சுமார் 78,000 பேர். இறந்தவர் என்று எழுதப்பட்டோர் ஏறத்தாழ 30,000. 'ஓடிப்போனவர்' என்ற தலைப்பின் கீழ் எழுதப்பட்டோர் மேலும் சுமார் 24,000.

'ஓடிப்போனவர்' என்ற இச்சொல்லைச் சற்றே நிறுத்திப் பாருங்கள். எங்கே ஓடினார்கள்? வழியறியாத காடு, மொழியறியாத நாடு, கையிலே காசில்லை, காலிலே புண், உடம்பிலே மலேரியாச் சுரம். முகாமைவிட்டு ஓடியவன் ஊர் வந்து சேர்ந்தது அபூர்வம். மூங்கிற் புதரின் அடியில் விழுந்து மாண்டதே பெரும்பான்மை. பிணத்தைக் கண்டால் 'இறந்தான்', காணாவிட்டால் 'ஓடினான்'! உயிரைப் பறித்ததுமன்றி, செத்தவன்மேல் கோழை என்ற பழியையும் ஏற்றிய கணக்கு அது.

ஒரே பாதையில், ஒரே மழையில், ஒரே கொடுமைக்காரரின் கீழ் வேலை செய்த இரு கூட்டத்தாருள் கைதிகளில் ஐந்தில் ஒருவரும், நம்மவரில் எழுதப்பட்ட கணக்கின்படியே மூன்றில் ஒருவருக்கு மேலும் மாண்டதேன்? 'தலையெழுத்து' என்று பெருமூச்சு விடுவோர்க்கு நாம் கூறும் விடை இதுதான்: தலையெழுத்தன்று, தண்ணீர். கைதிகளுக்குத் தங்கள் படையின் டாக்டர்கள் உடனிருந்தனர். மருந்து இல்லாவிடினும், கொதிக்க வைத்த நீரையன்றிப் பருகலாகாது, மலக்குழியைத் தள்ளி வெட்ட வேண்டும், நோயாளியைப் பிரித்து வைக்க வேண்டும் என்று கட்டளையிட மேலதிகாரி இருந்தார். அதற்குக் கீழ்ப்படியும் பழக்கமும் இருந்தது. நம்மவர்க்கோ டாக்டருமில்லை, தலைவருமில்லை. பெண்டு பிள்ளைகளோடு சென்ற குடும்பங்களும் உண்டு. 1943-ம் ஆண்டு மே, ஜூன் மாதங்களில் பருவமழையோடு காலரா இறங்கியபோது, மேல்முகாமின் அழுக்கைச் சுமந்து வந்த ஆற்றுநீரையே கீழ்முகாமிலிருந்தவர் அள்ளிக் குடித்தனர். மாலையில் பேசிக்கொண்டிருந்தவன் விடியலில் பிணமானான். ஆகவே அவர்களைக் கொன்றது விதியன்று. அறியாமையில் அவர்களை வைத்திருந்த தோட்ட முறையும், இரக்கமின்றி அவர்களை இழுத்துச் சென்ற இராணுவ முறையும் சேர்ந்தே கொன்றன.

அவர்கள் எப்படிப் போனார்கள் என்பதையும் அறிதல் வேண்டும். போரினால் இரப்பர் விற்பனை நின்றது; தோட்டத்திலே வேலையில்லை; அரிசியில்லை. நாளொன்றுக்கு ஒரு வெள்ளி கூலி, மூன்று மாத வேலை என்று ஆசை காட்டப்பட்டது. ஆசைக்கு மசியாதவர் பலவந்தமாகப் பிடிக்கப்பட்டனர். இலவசச் சினிமா என்று பறைசாற்றி, கொட்டகை நிறைந்தவுடன் கதவைப் பூட்டி, உள்ளே இருந்தவர்களை அப்படியே லாரியிலேற்றியதாகவும் அக்காலத்தவர் கூறியிருக்கின்றனர். என்ன விபரீதம் பாருங்கள்! சினிமாவைக் காட்டி அவர்களைப் பிடித்தனர். பின்பு சினிமாவைக் கொண்டே அவர்களை மறைத்தனர்.

பெயருள்ள கல்லும் பெயரற்ற மண்ணும்

காஞ்சனபுரி நகரத்தின் நடுவே போர்க் கல்லறைத் தோட்டம் ஒன்றிருக்கிறது. ஏறக்குறைய 7,000 வீரர் அங்கே துயில்கின்றனர். புல் ஒரே அளவாக வெட்டப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு தலைமாட்டிலும் ஒரு செடி. ஒவ்வொரு கல்லிலும் பெயர், வயது, படைப்பிரிவு, இறந்த தேதி. சில கற்களில் தாய்தந்தையர் எழுதியனுப்பிய ஒரு வரி. அங்கே செல்லும் எவனும் உரத்துப் பேசத் துணிவதில்லை. வடக்கே, மலையைப் பிளந்து பாதையிட்ட நரகத்தீக் கணவாயில், ஆஸ்திரேலியர் 1998-ம் ஆண்டில் ஒரு நினைவுக் காட்சிச்சாலை அமைத்தனர். ஆண்டுதோறும் ஏப்ரல் 25-ந் தேதி, பொழுது விடியுமுன் அங்கே கூடி மௌனமாக நிற்கின்றனர். ஓர் இனம் தன் இறந்தோரை எவ்வாறு நினைக்க வேண்டும் என்பதற்கு அது இலக்கணம். அதனைக் கண்டு நமக்குப் பொறாமையில்லை, வெட்கமே உண்டு.

இனி மற்றொரு பக்கத்தைப் பாருங்கள். 1977-ம் ஆண்டில் புத்த பிக்கு ஒருவரின் முயற்சியால் காஞ்சனபுரியில் ஒரு போர்க் காட்சிச்சாலை எழுந்தது. அதன் பெயர் 'ஜீத்'. ஜப்பான், இங்கிலாந்து, அமெரிக்காவும் ஆஸ்திரேலியாவும், தாய்லாந்து, ஹாலந்து ஆகிய தேசங்களின் ஆங்கில முதலெழுத்துக்களைக் கூட்டிச் செய்த பெயர் அது. அடித்தவன் தேசத்துக்கும் அப்பெயரில் ஓர் எழுத்து உண்டு; அடிபட்டவர் தேசங்களுக்கும் உண்டு. எல்லாரிலும் மிகுதியாக மாண்ட பர்மியனுக்கோ, ஜாவானியனுக்கோ, மலாயாத் தமிழனுக்கோ ஓர் எழுத்தும் இல்லை. தீய எண்ணத்தால் நேர்ந்ததென்று நாம் கூறவில்லை. கேட்பாரில்லாதவர் மறக்கப்படுவர் என்ற உலக வழக்கமே அங்கு நேர்ந்தது. பாலத்தின் அருகிலே தனியார் அமைத்த மற்றொரு காட்சியகத்தில், ஆசியத் தொழிலாளரின் எலும்புகள் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துக் காட்டப்பட்டன; அதே கூரையின் கீழ் அழகிப் போட்டியில் வென்ற மங்கையரின் சித்திரங்களும் இருந்தன. வெள்ளையனின் எலும்பு கல்லின் கீழ். நம்மவன் எலும்பு கண்ணாடியின் கீழ்! 1990-ம் ஆண்டில் அந்நகரத்தில் மண்ணைத் தோண்டியபோது ஒரே குழியில் குவிந்து கிடந்த எலும்புகள் வெளிப்பட்டன. ஆசியத் தொழிலாளரின் எலும்புகள் என்றனர். யாருடையவை என்று கூற ஒரு சீட்டும் அக்குழியில் இல்லை.

இதனினும் கொடிது ஒன்றுண்டு. அப்பாதையின் திறப்பு விழாவில் ஓடிய நீராவி எஞ்சின் இன்று டோக்கியோவில், யசுகுனி ஆலயத்தைச் சார்ந்த காட்சிச்சாலையில், துடைத்து மெருகிட்டு நிறுத்தப்பட்டிருக்கிறது. அதன் எண் 'சி 56 31' என்பது உலகறிந்த செய்தி. இரும்புக்கு எண் உண்டு, இருப்பிடம் உண்டு, கூரை உண்டு. அவ்விரும்பு ஓடப் பாதையிட்டு மாண்டவனுக்குப் பெயருமில்லை.

நம்மவர் கடன்

பிறரைக் கடிந்தது போதும். நம்மை நாமே கேட்டுக்கொள்வோம். இந்நாட்டுத் தமிழரும் விடுமுறைக் காலத்தில் காஞ்சனபுரிக்குச் செல்கின்றனர். பாலத்தின் நடுவே கைகளை விரித்து நின்று தம்மைத் தாமே படம் பிடித்துக்கொள்கின்றனர், சட்டை வாங்குகின்றனர், ஊர் திரும்பி நண்பர்க்குக் காட்டி மகிழ்கின்றனர். அவர்களுள் எத்தனை பேர் தம் வீட்டு மூத்தாரிடம், 'நம் குடும்பத்தில் சயாமுக்குப் போனவர் உண்டா?' என்று கேட்டுவிட்டுப் புறப்படுகின்றனர்? பாட்டனின் நெஞ்செலும்பின்மேல் நின்று பேரன் சிரித்துப் படமெடுத்துக்கொண்டால், அப்பேரனைக் குற்றஞ் சொல்வதா, அவனுக்குச் சொல்லாமற் போனவர்களைக் குற்றஞ் சொல்வதா?

சிலர் நம்மை மறுத்துரைப்பர். "உல்லாசத்துக்குப் போகும் இடத்தில் ஒப்பாரி எதற்கு?" என்பர் ஒரு சாரார். உல்லாசத்துக்கு உலகத்தில் இடமா இல்லை? தக்காளித் திருவிழாவுக்குப் போகட்டும். பூனைத் தீவுக்குப் போகட்டும். மயானத்தை உல்லாசத்துக்குத் தேர்ந்தெடுத்தவர் அவர். ஒப்பாரியைக் கொண்டுவந்தவர் நாமல்லோம்.

"அவ்வூரார் பிழைப்பைக் கெடுக்கலாமா?" என்பர் மற்றொரு சாரார். ஆற்றங்கரையில் சோறு விற்றும் படகு தள்ளியும் பிழைக்கும் ஏழைகளோடு நமக்கு வழக்கில்லை. பிரயாணிகள் வரட்டும், இன்னும் மிகுதியாகவும் வரட்டும். வருகிறவர்க்கு உண்மையைச் சொல்லுங்கள் என்பதே நம் வேண்டுகோள். உண்மை சொல்லப்பட்டதால் செட்லெட்ஸ் தேவாலயத்துக்கும், காஞ்சனபுரிக் கல்லறைத் தோட்டத்துக்கும் கூட்டம் குறைந்துவிடவில்லை.

"எண்பது ஆண்டுக்கு முந்திய புண்ணை ஏன் கீறுகிறீர்?" என்பர் மூன்றாஞ் சாரார். புண் ஆறியிருந்தாலன்றோ கீறுவது? மருந்திடாமல் துணி போட்டு மூடியதை ஆறியதென்று கூறுதல் வைத்தியமன்று. கணவனை அனுப்பிவிட்டு, தாலியைக் கழற்றுவதா வேண்டாவா என்றறியாமலே ஆண்டுக்கணக்கில் லயத்து வாசலில் காத்திருந்த பெண்களின் கதை எத்தனை தோட்டங்களில் வழங்கியது! இறந்தான் என்று ஒரு துண்டுக் காகிதம் வந்திருந்தால் அவர்கள் அழுது தீர்த்திருப்பார்கள். பிரிட்டனிலும் ஹாலந்திலும் ஆஸ்திரேலியாவிலும் இருந்த தாய்மாருக்கு அக்காகிதம் கிடைத்தது. தோட்டத்து லயத்துக்கு அது வரவேயில்லை.

நம்மவர் ஒன்றுமே செய்திலர் என்று கூறுவதும் நியாயமாகாது. நூல் எழுதினோர் உண்டு. ஆர். சண்முகம் 1993-ம் ஆண்டில் வெளியிட்ட 'சயாம் மரண ரயில்' என்னும் நாவலும், அ. ரெங்கசாமி 2005-ம் ஆண்டில் வெளியிட்ட 'நினைவுச் சின்னம்' என்னும் நாவலும் இம்மண்ணின் தமிழர் எழுதியவை. பூலின் நாவல் பன்மொழிகளில் பரவியது. நம்மவர் நாவல்களை நம்மவரே எத்தனை பேர் கையிலெடுத்தோம்? 2023-ம் ஆண்டில் காஞ்சனபுரியிலே, மாண்ட தமிழர் நினைவாக ஒரு நடுகல்லும் நாட்டப்பெற்றது. போரில் பட்டவனுக்குக் கல் நாட்டுதல் சங்க காலந்தொட்டு நம் வழக்கம். அம்முயற்சியில் உழைத்தோரை நாம் தலைவணங்கிப் பாராட்டுகிறோம். ஆயினும் மாண்டது 1943-ல். கல் நின்றது 2023-ல். இடையே ஓடிய 80 ஆண்டுகளை எக்கல்லால் அடைப்பது? பழைய நடுகல்லில் பெயரும் பீடும் எழுதினர். ஒரு கல் பல்லாயிரம் பெயரையும் எங்ஙனம் தாங்கும்? அப்பெயர்களைத் தாங்க வேண்டியது கல்லன்று, நாம்.

செய்ய வேண்டுவது

ஆகவே நாம் கூறுவது இதுதான். காஞ்சனபுரிக்குப் போகாதீர் என்று கூறவில்லை, போங்கள். ஆனால் வேடிக்கை பார்க்கப் போகாதீர், உறவினராய்ப் போங்கள். போவதன் முன்னே ஒரு பெயரைத் தேடிக்கொண்டு போங்கள்.

அப்பெயர்கள் எங்கே இருக்கின்றன? தோட்டங்கள் துண்டாடப்பட்டு வீட்டு மனைகளாயின. செக்ரோல் புத்தகங்கள் கரையானுக்கு இரையாயின. சயாமிலிருந்து உயிரோடு மீண்டவர்களும் ஏறக்குறைய அனைவரும் மறைந்துவிட்டனர். எஞ்சியிருப்பது அவர்களுடைய மக்களின் நினைவு ஒன்றே. அம்மக்களும் இன்று தொண்ணூறு வயதை எட்டிக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் கண்மூடினால், மாண்டவன் இரண்டாம் முறையும் மாள்வான். இம்முறை அவனைக் கொல்வது ஜப்பானியனுமல்லன், காலராவுமன்று, நம்முடைய அசட்டையே.

எனவே ஒவ்வொரு வீட்டிலும் ஒரு நோட்டுப் புத்தகம் எடுங்கள். மூத்தாரை உட்கார வைத்துக் கேளுங்கள்: போனவர் பெயர் என்ன? தகப்பன் பெயர் என்ன? எந்தத் தோட்டம்? எந்த மாதத்தில் போனார்? ஆசை காட்டி அழைத்தனரா, பிடித்துச் சென்றனரா? உடன் போனவர் யார்? மீண்டாரா? சாதியைக் கேட்காதீர், அப்புதைகுழியில் எல்லாச் சாதியும் ஒன்றாகவே கிடந்தது. சங்கங்கள் ஆண்டு விழாவுக்கும் பொன்னாடைக்கும் செலவிடும் பணத்தில் ஒரு பங்கை ஒதுக்கி, ஊர் ஊராக இப்பெயர்களைத் தொகுத்து அச்சிடட்டும். தமிழ்ப் பள்ளி ஆசிரியர் தம் மாணாக்கரை அவரவர் வீட்டுக் கதையைக் கேட்டெழுதி வரச் செய்யட்டும். தமிழர்க்குப் பஸ்ஸும் விமானமும் அமர்த்தித் தரும் பிரயாண ஏஜெண்டுகள், துண்டுப் பிரசுரத்தில் யானைக்குக் கொடுக்கும் இடத்தில் பாதியையாவது இவ்வுண்மைக்குக் கொடுக்கட்டும்; கொடுக்காத ஏஜெண்டிடம் சீட்டு வாங்காதீர்.

பின்பு பாலத்துக்குப் போங்கள். அங்கே நின்று, நீங்கள் கொண்டுபோன பெயரை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லுங்கள். மந்திரம் வேண்டா, மணி வேண்டா, தேங்காய் வேண்டா. பெயர் ஒன்றே போதும். இன்னான் மகன் இன்னான், இன்ன தோட்டத்தான், இங்கே மாண்டான் என்று சொல்லுங்கள். பக்கத்தில் நிற்கும் அயல்நாட்டுப் பிரயாணி, "அது யார்?" என்று கேட்பான். சொல்லுங்கள். சினிமா அவனுக்குச் சொல்லாததை, காட்சிச்சாலையின் பெயர்ப் பலகை அவனுக்குச் சொல்லாததை, நீங்கள் சொல்லுங்கள்.

ஒரு சினிமாவுக்காக ஓர் ஆற்றின் பெயரை மாற்ற உலகத்தால் முடிந்தது. மாண்ட தன் மக்களின் பெயரை எழுதிவைக்க ஓர் இனத்தால் முடியாதென்றால், அதனினும் பெரிய விந்தை இவ்வுலகத்தில் வேறில்லை.